சக்கர ப்ளோயரா, சக்கர வேக்குவமா, இரண்டும் ஒன்றாகவா?

மாசி பிறந்து வேப்ப மரங்கள் இலை கொட்டத் தொடங்கிவிட்டால் எங்கள் பட்டறைத் தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. கோவைப் பக்கம் தொழிற்சாலைகளுக்குக் காற்று விசிறிகள் செய்துகொடுப்பதுதான் எங்கள் வேலை. ஆனாலும் அந்த இரண்டு மாதமும் பள்ளித் தாளாளர், அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர், இறுதியாண்டு புராஜெக்ட் செய்யும் பாலிடெக்னிக் மாணவர்கள் என்று பலரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "வளாகத்தில் சருகு அகற்றச் சக்கரம் வைத்த இயந்திரம் ஒன்று வேண்டும். ஊதுகிற மாதிரி செய்வதா, உறிஞ்சுகிற மாதிரி செய்வதா?" நான் வாய் திறப்பதற்குள் அவர்களே முடித்தும் விடுவார்கள்: "இரண்டும் ஒன்றிலேயே இருந்துவிட்டால் நல்லது."

பணம் வீணாவது பெரும்பாலும் அந்தக் கடைசி வாக்கியத்தில்தான். ஊதுவதும் உறிஞ்சுவதும் ஒரே விசிறியின் முன்பக்கமும் பின்பக்கமும்தானே என்று தோன்றுவது இயல்பு. விசிறிக்கு அது உண்மை. தரையில் கிடக்கும் இலைக்கு அது உண்மையில்லை. ஏன் என்று விரிவாக எழுதுகிறேன். வாங்குகிறவர்களுக்கும் சொந்தமாகச் செய்ய நினைக்கிறவர்களுக்கும் இது பயன்படும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதல் கேள்வி இயந்திரத்தைப் பற்றியதே அல்ல. சருகு கடைசியில் எங்கே போய்ச் சேர வேண்டும்? மரத்தடிப் பாத்தியிலோ வேலி ஓரத்திலோ ஒதுங்கிக் கிடந்தால் போதும் என்றால் ஊதுவது போதும். பைக்குள்ளோ உரக்குழிக்குள்ளோ போய்ச் சேர வேண்டும் என்றால், ஊதிய பிறகும் பாதி வேலை பாக்கி இருக்கிறது.

இதை நான் ஒரு பள்ளி மைதானத்தில் நேரில் பார்த்தேன். புதிதாக வாங்கிய ப்ளோயரை வைத்துக் கூடைப்பந்துத் தளத்தை 15 நிமிடத்தில் சுத்தம் செய்துவிட்டார்கள். எல்லோருக்கும் மகிழ்ச்சி. தளத்தின் மூலையில் இடுப்பளவு சருகு குவிந்து நின்றது. அதை இரண்டு கைகளாலும் அள்ளிச் சாக்கில் திணித்து, மிதித்து, மறுபடி திணித்து முடிக்க அங்கிருந்த பணியாளர் அக்காவுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. "தம்பி, காற்று தள்ளிவிட்டுப் போய்விடுகிறது. அள்ளுவது நான்தானே" என்றார். அன்றிலிருந்து யார் வந்து கேட்டாலும் அவருடைய கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்: அள்ளுவது யார்?

அடுத்தது தரை. சிமென்ட் தளம், தார்ச்சாலை, பேவர் பிளாக், ஜல்லி, புல் ஆகிய ஒவ்வொன்றும் இலையை ஒவ்வொரு விதமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். வழுவழுப்பான தளத்தில் இலைக்கு அடியில் காற்று எளிதாக நுழையும். பேவர் பிளாக்கில் இலை இடுக்கில் சிக்கும். ஜல்லித் தரையில் இலையோடு ஜல்லியும் கிளம்பும்.

மூன்றாவது, எந்த இலை? தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலை கட்டை விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. நாட்டு வாதுமையின் இலை ஒரு சாண் நீளம். வேப்பிலை இரண்டுக்கும் நடுவில். இவை எல்லாவற்றையும் ஒரே நாசில் (காற்றுக் குழாயின் முனை) ஒரே மாதிரி எடுக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து தரையோடு ஒட்டிக்கொண்ட இலை தனி ரகம். அதற்குத் தனியாக வருகிறேன்.

பிறகு சத்தம், மின்சார வசதி, பழுது பார்க்கும் வசதி. எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் தள்ளப்போகிறவரின் உடல். வாங்குவதற்குக் கையெழுத்துப் போடுகிறவர் ஒருநாளும் அந்த இயந்திரத்தைத் தள்ளப்போவதில்லை என்பதால் இது கணக்கில் வராமலே போய்விடுகிறது.

## ஊதும் காற்றும் உறிஞ்சும் காற்றும் வேறு

ஒரு அகல் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு ஒரு முழம் தள்ளி உட்காருங்கள். ஊதி அணைத்துவிடலாம். அதே தூரத்திலிருந்து மூச்சை எவ்வளவு பலமாக உள்ளே இழுத்தாலும் சுடர் அசையக்கூட அசையாது. இந்த ஒரு சோதனையில் முழு விஷயமும் இருக்கிறது.

வாயிலிருந்து வெளியேறும் காற்று ஒரு திசையில் கற்றையாகப் போகும். வட்ட நாசிலின் விட்டத்தைப் போல் சுமார் ஆறு மடங்கு தூரம் வரை கற்றையின் நடுவேகம் அவ்வளவாகக் குறையாது. அதற்குப் பிறகு தூரம் இரு மடங்கானால் வேகம் பாதியாகும். உள்ளே இழுக்கப்படும் காற்றோ எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து நுழைகிறது. குழாயின் வாயிலிருந்து ஒரு விட்டம் தள்ளிப் போனாலே வேகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்துவிடும்.

ஆகவே ஊதுகிற இயந்திரத்துக்கு எட்டும் தூரம் உண்டு. உறிஞ்சுகிற இயந்திரம் இலையின் தலைக்கு மேலேயே போய் நிற்க வேண்டும். ஒன்றுக்கு நாசிலின் விட்டம் முக்கியம், மற்றொன்றுக்கு நாசிலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி முக்கியம். வடிவமைப்பில் வரும் மற்ற எல்லா வேறுபாடுகளும் இதிலிருந்து கிளைத்தவைதாம்.

## முதல் வழி: சக்கர ப்ளோயர்

கையில் பிடிக்கும் ப்ளோயருக்கும் சக்கரத்தில் வரும் ப்ளோயருக்கும் காற்றின் வேகத்தில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டுமே விநாடிக்கு 60 மீட்டர், அதாவது மணிக்கு 216 கிலோமீட்டர் வேகத்தில் காற்றை வெளியேற்றலாம். விளம்பரத்தில் இந்த வேகத்தைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். பார்க்க வேண்டியது காற்றின் அளவை.

கையில் பிடிப்பதன் நாசில் ஆறரை செ.மீ. என்றும் சக்கரத்தில் வருவதன் நாசில் 15 செ.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். மூன்றரை மீட்டர் தள்ளிப் போகும்போது சிறிய நாசிலின் காற்று விநாடிக்கு 6, 7 மீட்டராகத் தளர்ந்துவிடும். பெரிய நாசிலின் காற்று அங்கேயும் சுமார் 15 மீட்டர் வேகத்தில் இருக்கும். இலையின் மேல் காற்று செலுத்தும் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால், அந்த இடத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஐந்து மடங்குக்கு மேல். சக்கர ப்ளோயர் ஒரு நடையில் மூன்று, நான்கு மீட்டர் அகலத்தைக் காலி செய்வது இதனால்தான்.

இதற்குக் கொடுக்கும் விலை சக்தி. 15 செ.மீ. நாசிலில் 60 மீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு ஒரு கன மீட்டருக்குச் சற்று மேல் காற்று. அந்தக் காற்றுக்குள் இருக்கும் சக்தியே 2.3 கிலோவாட். விசிறியின் திறன், அதாவது கொடுத்த சக்தியில் காற்றுக்குப் போய்ச் சேரும் பங்கு, பாதி என்று வைத்தால் விசிறியைச் சுற்றும் தண்டில் 4.6 கிலோவாட் வேண்டும். ஆறு ஹெச்.பி. என்ஜின். இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் விசிறி விதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சுழற்சி வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் காற்று 10 சதவீதம் கூடும், தேவைப்படும் சக்தியோ 33 சதவீதம் கூடும்.

வடிவமைப்பு என்ற அளவில் இது மூன்றில் எளிதானது. சுத்தமான காற்றுதான் விசிறிக்குள் போகிறது. எனவே பின்னோக்கி வளைந்த இதழ்கள் கொண்ட இம்பெல்லரை (உறைக்குள் சுழலும் விசிறிச் சக்கரத்தை) வைக்கலாம், உறைக்கும் இதழுக்கும் உள்ள இடைவெளியை நெருக்கலாம், நல்ல திறன் கிடைக்கும். காற்று நுழையும் வாயில் கம்பி வலை கட்டாயம். வலைக்குள் விரல் நுழையக் கூடாது, அதே சமயம் வலை நெருக்கமாகிக் காற்றைத் தடுக்கவும் கூடாது. வாயின் பரப்பைவிட வலையின் பரப்பை இரு மடங்கு வைத்தால் இரண்டும் சரிப்படும். நாசிலைத் தரையை நோக்கிச் செங்குத்தாக வைப்பது புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. காற்று தரையில் மோதி நாலாபுறமும் சிதறிப் புழுதியைக் கிளப்பும். தரையோடு 15 முதல் 20 டிகிரி கோணத்தில் சாய்த்தால் காற்று தரையை ஒட்டிக்கொண்டே ஓடி இலைக்கு அடியில் நுழையும். வலது, இடது என்று திருப்ப ஒரு நெம்புகோல் கைப்பிடி அருகிலேயே இருக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகளில் பேவர் பிளாக் மணலை யாரும் நினைப்பதில்லை. பிளாக்குகளின் இடுக்கில் நிரப்பியிருக்கும் மணல்தான் அவற்றை அசையாமல் பிடித்து வைத்திருக்கிறது. வாராவாரம் பலமாக ஊதினால் அந்த மணல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். பிறகு பிளாக் ஆடும், இடுக்கில் எறும்பு புற்று வைக்கும், களை முளைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை மணல் நிரப்பும் கூலியையும் இயந்திரத்தின் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புழுதி அடுத்த செலவு. நிறுத்தியிருக்கும் கார்கள் மேலும் தரைத்தள வீட்டு ஜன்னல்களுக்குள்ளும் அது போய்ப் படியும். இலை பக்கத்து மனைக்குப் போய்விட்டால் அக்கம்பக்கத்துப் பகை வேறு.

எங்கே ப்ளோயர் சரி? விளையாட்டுத் தளம், நீளமான உட்சாலை, ஓரத்தில் மரப்பாத்தி உள்ள தோட்டப் பாதை, பண்ணைக் களம், திறந்த வாகன நிறுத்துமிடம். இலையை ஒதுக்க இடம் இருந்து, ஆள் நடமாட்டம் இல்லாத நேரமும் கிடைத்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

## இரண்டாவது வழி: சக்கர வேக்குவம்

செய்வதற்குக் கடினமானது இதுதான். சரியாகச் செய்துவிட்டால் பணியாளரின் முதுகை உண்மையிலேயே காப்பாற்றுவதும் இதுதான்.

தரையை ஒட்டி உறிஞ்சும் வாயின் அகலம் 60 செ.மீ., முன்பின்னாக 5 செ.மீ. என்று வையுங்கள். அந்த வாய் வழியாக விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் காற்று நுழைய வேண்டும் என்றால் 0.6 கன மீட்டர் காற்று தேவை. வாய், வளைவு, குழாய், பை எல்லாவற்றையும் கடக்கச் சுமார் 1500 பாஸ்கல் அழுத்தம் வேண்டும். பெருக்கினால் 900 வாட். சருகு விசிறியின் ஊடாகவே போவதால் தடித்த, நேரான, திறந்த இதழ்கள்தான் வைக்க முடியும். அவற்றின் திறன் ஐம்பது சதவீதத்தைத் தாண்டுவது அரிது. ஆக 1.8 கிலோவாட், ஏறக்குறைய இரண்டரை ஹெச்.பி. பை பாதி நிரம்பிய பிறகும் இழுக்க வேண்டுமே என்று பார்த்தால் மூன்று ஹெச்.பி.க்குக் குறைத்து என்ஜின் போட எனக்கு மனம் வருவதில்லை.

ஆசைப்பட்டு வாயை 90 செ.மீ. ஆக்கினால் என்ன ஆகும்? விசிறி அதேதான், காற்றும் ஏறக்குறைய அதேதான், நுழையும் வேகம் மூன்றில் இரண்டாகக் குறையும், விசை பாதிக்கும் கீழே போகும். அகலமான வாயும் சிறிய என்ஜினும் சேர்ந்தால், இலைக்கு மேலே நடந்துபோய் இலையை அங்கேயே விட்டுவிட்டு வரும் இயந்திரம்தான் கிடைக்கும்.

தரைக்கும் வாய்க்கும் உள்ள இடைவெளியை மாற்றும் வசதி இல்லாத வேக்குவத்தை வாங்காதீர்கள். வேப்பஞ்சருகுக்கு 2 செ.மீ. போதும். காய்ந்து சுருண்ட வாதுமை இலைக்கு 6 செ.மீ. இல்லாவிட்டால் இயந்திரம் அதை முன்னால் தள்ளிக்கொண்டே போகும். வாயின் இரு பக்கமும் பின்பக்கமும் ரப்பர் பாவாடை தொங்க வேண்டும், முன்பக்கம் திறந்திருக்க வேண்டும். முன்பக்கமும் ரப்பரை மாட்டிவிட்டு, உறிஞ்சவில்லை என்று வந்தவர்கள் உண்டு.

இம்பெல்லரில் மிச்சம் பிடிக்கக் கூடாது. வாதுமைக் கொட்டை ஒன்று நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும் இதழில் பட்டால் "டக்" என்று துப்பாக்கி வெடித்தது போல் கேட்கும். நான் திறந்து பார்த்த ஒரு பிளாஸ்டிக் இம்பெல்லரில் இதழ் நுனிகள் மூன்று ஒடிந்திருந்தன. ஒடிந்ததால் சமநிலை கெட்டு, அதிர்வில் பேரிங் ஓய்ந்து, மோட்டாரின் தண்டும் கோணியிருந்தது. ஒரு கொட்டை செய்த வேலை. எஃகுத் தகடு குறைந்தது 4 மி.மீ., இதழுக்கும் உறைக்கும் இடையே ஒரு கொட்டை புகுந்து வெளியேறும் அளவு இடைவெளி, தேய்ந்தால் கழற்றி மாற்றக்கூடிய உறைத் தகடு ஆகிய மூன்றும் இருந்தால் பல ஆண்டு உழைக்கும். தூங்குமூஞ்சிக் காய் விழும் கோடையில் இன்னொரு தொல்லை உண்டு. அந்தக் காயின் இனிப்புச் சதை பிசின் போல் இதழில் ஒட்டி, மேலே புழுதி படிந்து கல்லாக இறுகும். வாரம் ஒருமுறை உறையைத் திறந்து சுரண்ட வேண்டும். திறப்பதற்கு நான்கு போல்ட் கழற்ற வேண்டிய நிலை இருந்தால் யாரும் திறக்க மாட்டார்கள். கையால் திருகும் இரண்டு குமிழ் போதும். உறை திறந்தால் என்ஜின் தானாக நின்றுபோகும் சுவிட்சும் அவசியம். இதில் விட்டுக்கொடுத்தால் ஒருவருடைய விரல் போகும்.

பை என்பது வெறும் பை இல்லை, வடிகட்டியும் அதுதான். 150 லிட்டர் பையின் துணிப் பரப்பு சுமார் ஒன்றரை சதுர மீட்டர். நம் ஊர்ப் புழுதி அந்தத் துணியின் கண்களை அடைத்துவிட்டால் காற்று வெளியேற வழியில்லாமல் உறிஞ்சும் வேகம் சரியும். இயந்திரம் கெட்டுவிட்டது என்று எங்களிடம் கொண்டு வந்தவற்றில் பாதிக்கும் மேல், பையை உதறிக் காய வைத்ததும் சரியாகிவிட்டன. பையின் வெளியேறு பக்கம் தள்ளுகிறவரின் முகத்தைப் பார்த்து இருக்கக் கூடாது. துணி பிடித்து நிறுத்தாத நுண்தூசி நேராக அவர் நுரையீரலுக்குப் போகும். பக்கவாட்டில், தரையை நோக்கி வெளியேற்ற வேண்டும். முகக்கவசமும் கொடுக்க வேண்டும்.

மறைந்த செலவுகள் என்றால் உதிரிப் பை, தேயும் உறைத் தகடு, ரப்பர் பாவாடை, காலி செய்ய நடக்கும் நடை. கடைசியாகச் சொன்னதைத்தான் மறந்துவிடுகிறார்கள். உரக்குழி வளாகத்தின் மறுகோடியில் இருந்தால், உறிஞ்சுகிற நேரத்தைவிட நடக்கிற நேரம் கூடிவிடும். ஈரச் சருகு நிரம்பிய பை 30, 40 கிலோ வரை கனக்கும். அதைத் தூக்கிக் கொட்ட வேண்டிய அமைப்பு என்றால் முதுகைக் காப்பாற்றினோம் என்று சொல்லவே முடியாது. பையின் அடியில் ஜிப்போ கதவோ வைத்து, தூக்காமல் இழுத்துக் கொட்டும்படி செய்ய வேண்டும்.

இவ்வளவுக்கும் ஈடாக வேக்குவம் தருவது ஒன்று இருக்கிறது. இம்பெல்லர் வழியே போன சருகு துண்டுதுண்டாகிப் பையில் நெருங்கி அடங்குகிறது, உரக்குழியில் முழு இலையைவிடச் சீக்கிரம் மட்குகிறது. தோட்டக் கழிவை வீதியில் கொட்டுவதையும் எரிப்பதையும் விதிகள் தடுக்கின்றன. தன் வளாகத்திலேயே தனியாகச் சேர்த்து வைக்கும்படி திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. சொந்த உரக்குழி உள்ள வளாகத்துக்கு இந்த இயந்திரம் சுத்தமும் தருகிறது, உரமும் தருகிறது. சுற்றுச்சுவர் எழுப்பிய குடியிருப்பு, மருத்துவமனை முன்தளம், கோயில் வெளிப்பிராகாரம் போன்ற, ஒதுக்க ஓரம் இல்லாத இடங்களுக்கு வேக்குவம்தான்.

## மூன்றாவது வழி: இரண்டும் ஒன்றில்

ஒரு கல்லூரிக்காக நாங்களே இப்படி ஒன்று செய்தோம். ஒரு என்ஜின், ஒரு விசிறி. நாசிலை மாட்டினால் ஊதும், வாயையும் பையையும் மாட்டினால் உறிஞ்சும். வரைபடத்தில் அழகாக இருந்தது. சருகு போக வேண்டும் என்பதால் திறந்த இதழ் வைத்தோம், ஊதும்போது திறன் போயிற்று. ஊத வேகம் வேண்டும் என்பதால் சுழற்சியைக் கூட்டினோம், உறிஞ்சும்போது இலை பொடியாகிப் பைத்துணியை அடைத்தது. ஊதும் வேலையில் பக்கத்துப் பட்டறையின் ஆறு ஹெச்.பி. ப்ளோயரிடம் தோற்றது, உறிஞ்சும் வேலையில் எங்களுடைய பழைய நான்கு ஹெச்.பி. வேக்குவத்திடமே தோற்றது.

அதைவிடப் பெரிய தோல்வி மாற்றி மாட்டுவதில் இருந்தது. ஸ்பானர் எடுத்து, போல்ட் கழற்றி, பையை மாட்டி முடிக்கப் பத்து நிமிடம். இரண்டாவது வாரத்திலிருந்து அதை யாரும் மாற்றவே இல்லை. ஊதும் நிலையிலேயே நின்றுவிட்டது. வாயும் பையும் மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடந்ததை ஆறு மாதம் கழித்துப் போனபோது பார்த்தேன். வாங்கியவர்கள் மேல் குற்றமில்லை. பணியாளருக்கு ஸ்பானரும் கொடுக்கவில்லை, அந்தப் பத்து நிமிடமும் கொடுக்கவில்லை.

இதே யோசனை கையில் பிடிக்கும் சிறிய கருவியில் பரவாயில்லாமல் நடக்கிறது. ஒரு வீட்டு முற்றம், நான்கு தொட்டி, ஒரு கார் நிறுத்துமிடம் என்ற அளவில் திறன் பாதியானாலும் யாருக்கும் நட்டமில்லை. குழாயை மாற்றுவதும் ஒரு திருகல்தான்.

சக்கர அளவிலும் செய்தே ஆக வேண்டும் என்றால் என் யோசனை இது. வேக்குவமாகவே வடிவமையுங்கள். விசிறியின் வெளியேறு வாயில் ஒரு திருப்புக் கதவு வைத்து, காற்று பைக்குள் போகாமல் பக்கவாட்டு ஹோஸுக்குப் போகும்படி செய்யுங்கள். நெம்புகோலை ஒரு தடவை தள்ளினால் மாற வேண்டும், எந்தப் பாகமும் கழலக் கூடாது. ஊதும்போது உறிஞ்சும் வாய் தரையை விட்டு உயர்ந்து, அதன் மேல் வலை ஒன்று தானாக விழ வேண்டும், இல்லையென்றால் தரையிலிருந்து எழும் கல் ஹோஸ் வழியாகப் பறக்கும். இது பெரிய ப்ளோயருக்கு மாற்றாகாது. சுவர் மூலை, படிக்கட்டு, செடித்தொட்டி இடுக்கு ஆகிய இடங்களில் உள்ள இலையை வேக்குவத்தின் பாதைக்குத் தள்ளிவிடுவதற்கு மட்டும். அந்த அளவுக்குப் போதுமானது.

## இயந்திரம் இல்லாத வழி

நீளக்கழி கட்டிய தென்னந்துடைப்பத்தைக் கணக்கில் சேர்க்காத ஒப்பீடு நியாயமானதாகாது. ஈரத்தில் ஒட்டிய இலையை ஈர்க்கு கிளப்புவது போல் எந்தக் காற்றும் கிளப்பாது. தரையோடு படிந்த ஈர இலைக்கு அடியில் காற்று நுழைய இடுக்கே இல்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை எந்தச் சக்கர இயந்திரம் வாங்கினாலும் அது பாதி நாள் சும்மா நிற்கும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டு அதிகமுள்ள வளாகத்திலும் சக்கரத்துக்கு வேலையில்லை.

உருளைத் தூரிகை வைத்துத் தள்ளும் பெருக்கிகளும் கிடைக்கின்றன. என்ஜின் இல்லை, சத்தம் இல்லை, சக்கரம் சுழன்றால் தூரிகை சுழன்று குப்பையைப் பின்பெட்டியில் போடும். சமதளமான சிமென்ட் தரைக்கும் சிறிய இலைக்கும் நல்லது. வாதுமை இலைக்குப் பெட்டி பத்து அடியில் நிரம்பிவிடும்.

## சக்தி எங்கிருந்து

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 கிலோவாட்-மணி வெப்பம் இருக்கிறது. சிறிய என்ஜின் அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் தண்டுக்குத் தரும். 4.6 கிலோவாட் ப்ளோயர் முழு வேகத்தில் மணிக்கு இரண்டரை லிட்டர் குடிக்கும். அதே ஒரு மணி நேரத்துக்கு லித்தியம் பேட்டரி வைத்தால் பேட்டரியே 30 கிலோ வரும். சக்கரத்தில் வருவதால் எடை தாங்கும், விலைதான் தாங்காது. ஆகவே பெரிய ப்ளோயருக்கு இன்றும் நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் என்ஜின்தான் நடைமுறை. இரண்டு ஸ்ட்ரோக் வேண்டவே வேண்டாம். எரியாத எரிபொருளும் எண்ணெயும் புகையோடு வந்து தள்ளுகிறவரின் முகத்தில் அடிக்கும். அமெரிக்காவில் வாஷிங்டன் நகரம் பெட்ரோல் இலை ப்ளோயர்களை 2022 ஜனவரியிலிருந்து தடை செய்துவிட்டது. கலிஃபோர்னியாவும் 2021இல் சட்டம் இயற்றிப் புதிய சிறு என்ஜின் கருவிகளின் விற்பனையை 2024இலிருந்து கட்டுப்படுத்தியது.

வேக்குவத்தின் கதை வேறு. அதற்கு 2 கிலோவாட் போதும் என்பதால் வீட்டு மின்சாரத்திலேயே ஓட்டலாம். அங்கே கவனிக்க வேண்டியது ஒயர். 50 மீட்டர் நீள ஒயரில் 9 ஆம்பியர் ஓடினால், 1 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 16 வோல்ட் இழப்பாகும், 2.5 சதுர மி.மீ. கம்பியில் 7 வோல்ட்டுக்குள் அடங்கும். மெல்லிய ஒயரில் மோட்டார் திணறிச் சூடாகும், கடைசியில் சுருள் எரியும். ஈரத்தரையில் மின்கருவி என்றால் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது.

சத்தத்துக்கும் சட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம், அங்கே பகலிலும் 50தான். பகல் என்பது காலை 6 மணிக்குத் தொடங்குகிறது. பெட்ரோல் ப்ளோயரின் சத்தம் தள்ளுகிறவரின் காதருகே 95 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். 85 டெசிபலில் 8 மணி நேரம், அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதி என்பது பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வகுத்த வரம்பு. அதன்படி 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். காது மூடியை இயந்திரத்தின் கைப்பிடியிலேயே தொங்கவிட ஒரு கொக்கி வையுங்கள். அலமாரியில் வைத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சக்கர ப்ளோயர் | சக்கர வேக்குவம் | இரண்டும் ஒன்றில் | தென்னந்துடைப்பம் |
|---|---|---|---|---|
| சருகு போய்ச் சேரும் இடம் | ஓரம், பாத்தி | பை, உரக்குழி | இரண்டும், அரைகுறையாக | கூடை வழியாக எங்கும் |
| ஒரு நடையில் அகலம் | 3–4 மீட்டர் | 60 செ.மீ. | 60 செ.மீ. | கை எட்டும் வரை |
| தேவையான சக்தி | 6 ஹெச்.பி. | 3–4 ஹெச்.பி. | 5 ஹெச்.பி.க்கு மேல் | உடலுழைப்பு |
| ஈர இலை | சுமார் | மோசம் | மோசம் | நன்று |
| புழுதி | அதிகம் | பையைப் பொறுத்தது | அதிகம் | நடுத்தரம் |
| பேவர் பிளாக் மணல் | இழப்பு | ஓரளவு இழப்பு | இழப்பு | பாதிப்பு இல்லை |
| மறைந்த செலவு | அள்ளும் கூலி, மணல் | பை, இதழ், நடை | பயன்படாமல் கிடக்கும் பாகங்கள் | நேரம், முதுகு |
| செய்யும் கடினம் | குறைவு | அதிகம் | மிக அதிகம் | இல்லை |

## யாருக்கு எது

பள்ளி, கல்லூரி மைதானங்களுக்குச் சக்கர ப்ளோயர், கூடவே குவித்ததை அள்ளிப்போட இரண்டு பெரிய தார்ப்பாய். தார்ப்பாயை விரித்து அதன் மேலேயே ஊதிக் குவித்தால் நான்கு முனையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடலாம். அந்த அக்காவின் முக்கால் மணி நேரம் அப்போதுதான் குறையும்.

சுவர் சூழ்ந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மின்சார வேக்குவம். வளாகத்தில் 25 மீட்டருக்கு ஒரு வெளிப்புற மின்முனை போட்ட பிறகு வாங்குங்கள். மரம் பத்துக்கும் குறைவு என்றால் எதுவும் வாங்க வேண்டாம். கையில் பிடிக்கும் பேட்டரிக் கருவி ஒன்றும் நல்ல துடைப்பமும் போதும், மிச்சப் பணத்தைப் பணியாளரின் சம்பளத்தில் சேருங்கள்.

புராஜெக்ட் செய்யும் மாணவர்களுக்கு: இரண்டையும் ஒன்றாக்கும் யோசனையை விட்டுவிட்டு வேக்குவத்தின் வாயை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2 செ.மீ., 4 செ.மீ., 6 செ.மீ. இடைவெளியில் வேப்பஞ்சருகையும் வாதுமைச் சருகையும் உறிஞ்சிப் பார்த்து, எவ்வளவு எடை உள்ளே போயிற்று, எவ்வளவு தரையில் தங்கிற்று என்று தராசில் நிறுத்து எழுதுங்கள். அந்த ஒரு தாள் அட்டவணை எங்களைப் போன்ற பட்டறைகளுக்கே பயன்படும்.

எதைச் செய்தாலும், எதை வாங்கினாலும், பணம் கட்டுவதற்கு முன் அதைத் தள்ளப்போகிறவரை அழைத்து வந்து தள்ளச் சொல்லுங்கள். வெளிநாட்டு அளவில் செய்த இயந்திரங்களின் கைப்பிடி பெரும்பாலும் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண்ணின் முழங்கை தரையிலிருந்து 95 செ.மீ. அளவில்தான் வரும். கைப்பிடி அதற்கு மேலே போனால் தோளை உயர்த்திக்கொண்டே நாள் முழுவதும் தள்ள வேண்டும். நாங்கள் இப்போது கைப்பிடிக் குழாயில் 85, 92, 100 செ.மீ. என்று மூன்று துளைகள் போட்டு, கையாலேயே திருகும் குமிழ் வைத்துக் கொடுக்கிறோம். போன மாதம் கொண்டுபோய்க் கொடுத்த இயந்திரத்தில் அங்கிருந்த பணியாளர் மூன்றையும் மாற்றி மாற்றித் தள்ளிப் பார்த்துவிட்டு, நடுத் துளையில் குமிழைத் திருகி இறுக்கினார்.